தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒரு சிவப்புக் குஞ்சம்

என் மகளுக்கு வலிப்பு உண்டு. எழுதவே கை கூசுகிறது. ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. போன கோடையில் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்தபோது வந்துவிட்டது. வாளி உருண்ட சத்தம் கேட்டு ஓடினேன். உப்புக் காற்றில் துருவேறிய தாழ்ப்பாள், உலுக்கினால் விழுந்துவிடும் என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து அது அசையவில்லை. உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்த என் வீட்டுக்காரர் தோளால் முட்டித் திறந்தார். நெற்றியில் தையலோடு தப்பித்தாள்.

மறுநாளே தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தேன். "இன்னாக்கா, தாப்பாவ காணோம்?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் துரு தின்றுவிட்டது என்றேன். இந்தக் கரையில் அதைச் சந்தேகப்பட ஆளில்லை.

மகள்தான் விடவில்லை. "தாப்பா இல்லாம எப்டிமா குளிக்கறது? வீட்ல அப்பா இருக்காரு, அண்ணன் இருக்கான்." காலேஜ் போகிற பெண், அவள் கேட்டதில் என்ன தப்பு? நைட்டியோடு குளிக்க ஆரம்பித்தாள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊற்றிக்கொள்வாளாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் குரோஷா ஒன்றுதான். டிவிக்கு உறை, ஃப்ரிட்ஜுக்கு உறை என்று யாரும் கேட்காமலே பின்னித் தள்ளுவேன். "எனக்கும் ஒண்ணு போட்டு மூடிடு" என்பார் வீட்டுக்காரர். இப்போது சிவப்பு நைலான் நூலில், கைப்பிடியில் மாட்ட ஒரு வளையம், அதன் கீழே கனமான குஞ்சம் என்று பின்னினேன். மனசு ஒரு நிலையில் இல்லை; பின்னல் ஓரிடத்தில் இறுகியது, ஓரிடத்தில் தொளதொளத்தது. பிரித்துப் பிரித்துப் போட்டேன்.

"இது வெளிய தொங்குனா உள்ள நீ இருக்கேன்னு அர்த்தம். யாரும் கதவ தொடக்கூடாது."

"நீயும்?"

"நானும்."

பழையபடி நிம்மதியாகக் குளித்தாள். நைட்டி நனையாமல் கொடியில் தொங்குவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் காலை, உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். குஞ்சம் கண்ணெதிரே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தள்ளித் திறந்துவிட்டேன்.

தலை, முகமெல்லாம் ஷாம்பு நுரை. வாயை இறுக்க மூடி நின்றிருந்தாள். அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "தொடமாட்டேன்னு சொன்னியேமா!" அவள் மேல் எனக்கு எப்படிக் கோபம் வரும்? என் மேல்தான் வந்தது.

மறுநாள் குஞ்சத்தை என் மடியில் வீசிவிட்டுக் குளிக்கப் போனாள். நானே எழுந்து போய் மாட்டினேன். உள்ளே ஒரு மக் தண்ணீர் விழுந்தது.

"இருக்கேன்!" என்று கத்தினாள்.

அடுத்த மக். "இருக்கேன்!"

இப்போது தினமும் அப்படித்தான். ஒவ்வொரு மக்குக்கும் ஒன்று, எரிச்சலோடு, என்னைத் திட்டுகிற குரலில். கதவுக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டட்டும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் திட்டட்டும். நடுவில் சோப்புப் போடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் தாங்க முடிவதில்லை. கை தானாகக் கதவுக்குப் போகிறது. குஞ்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.