'நனைந்த விறகு' எடுத்த சங்கரலிங்கம்

செங்கோட்டை ரயிலில் வந்து இறங்கிய தேங்காய் வியாபாரி ஒருவர் தென்காசி நிலையத்தில் என்னிடம் சொன்னார்: "வடகரை சங்கரலிங்கம் போயிட்டாருல்லா. முந்தாநேத்து காரியம் முடிஞ்சுது." சென்னைப் பத்திரிகைகளில் ஒரு வரியும் வராது. அதனால் நம் உள்ளூர்ப் பத்திரிகையில் நானே எழுதுகிறேன்.

உலக யுத்தம் முடிந்த சமயம், தன் தென்னந்தோப்பை விற்று அவர் ஒரே ஒரு படம் எடுத்தார். 'நனைந்த விறகு' என்று பெயர். குற்றால மலையில் விறகு பொறுக்கித் தென்காசியில் விற்கும் பெண்ணின் கதை. சாரல் தொடங்கினால் ஊரே அருவிக்கு ஓடும். அவளுடைய ஈர விறகை யாரும் வாங்க மாட்டார்கள். படத்தில் பாட்டே கிடையாது.

படப்பிடிப்புக்கு ஒரு நாள் போயிருந்தேன். அவள் அடுப்பு ஊதும் காட்சி. நடித்தவரும் விறகு சுமப்பவர்தான். "அழணுமாய்யா?" என்று கேட்டார். "வேண்டாம்மா. புகையில தானா கண்ணு கலங்கும். நீங்க அடுப்பை மட்டும் பாருங்க" என்றார் சங்கரலிங்கம்.

சீசனில் தென்காசிக் கொட்டகைக்குப் படம் வந்தது. கூட்டம் சலிக்காமலிருக்க, வேறு படத்து நடன ரீலை நடுவில் ஓட்டுவது அங்கே வழக்கம். முதல் நாள், அடுப்புக் காட்சி முடிந்ததும் நடனம் வந்தது. விசில் பறந்தது. சங்கரலிங்கம் எழுந்து கொட்டகைக்காரரிடம் போனார்.

"அண்ணாச்சி, அங்கன ஒருத்தி பட்டினி கிடக்கா. அவ முன்னாலயா ஆட விடுதீய?"

"அழுறதுக்கு எவம்யா டிக்கெட் எடுப்பான்? அதை வீட்லயே அழுதுக்கிடுவாம்லா."

இந்தப் படத்தை ஓட்ட வேறு கொட்டகை முன்வராது என்பது இருவருக்கும் தெரியும். கடைசியில் சங்கரலிங்கம் சொன்னார்: "வேணும்னா மொதல்லயே ஆடட்டும். அப்புறம் என் படத்துல கை வைக்கக் கூடாது."

மறுநாள் நடனம் முடிந்ததுமே பாதிக் கூட்டம் எழுந்து போனது. "பாத்தீரா?" என்று சிரித்தார் கொட்டகைக்காரர். வாசலில் நின்று அவர்களுக்கு வழிவிட்டபடி சங்கரலிங்கம் சொன்னார்: "போறவங்க ஆட்டத்துக்கு வந்தவங்க, அண்ணாச்சி. இருக்கவங்க நமக்கு."

இருந்தவர்கள் மணல்தரையில் உட்கார்ந்திருந்தவர்கள். புல்லும் விறகும் விற்கும் பெண்கள் பலர். கடைசிவரை ஒருவரும் எழவில்லை. வெளியே வரும்போது ஒருத்தி மற்றவளிடம், "அடுப்பு இப்பப் பத்தும், இப்பப் பத்தும்னு பாத்துக்கிட்டே இருந்தேன், ஏட்டி" என்றாள்.

மூன்றாம் நாள் படத்தைக் கொட்டகையிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிறகு எங்கும் ஓடவில்லை. சங்கரலிங்கம் வடகரையில் பிறருடைய தோப்பைக் குத்தகைக்குப் பார்த்தார். வருத்தமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு நாள்னாலும் எடுத்தபடியே ஓடிச்சுல்லா" என்றார்.

பட்டினிச் செய்தி ஒன்றை எழுதி முடித்ததும் நான் திரும்பப் படிக்கிறேன். வாசகருக்குச் சலிக்குமோ என்று நானாகச் சேர்த்த வரி இருந்தால், அதை அடித்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன். இந்தப் பழக்கம் எனக்குச் சங்கரலிங்கத்திடமிருந்து வந்தது.