நீடில் ஆயில் மணந்த துப்பாக்கி

புதுப் பனியனில் நீடில் ஆயில் வாடை அடித்தால், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நிட்டிங் கம்பெனி வைத்திருந்த பெரியப்பாவின் துப்பாக்கிதான் எனக்கு ஞாபகம் வரும். மெஷினுக்கு விடும் அதே எண்ணெயைப் பனியன் வேஸ்ட் துணியில் தொட்டு, ஞாயிறுதோறும் அதைத் துடைத்துத் துடைத்து, ரவைத் தோட்டாவையும் போட்டே ஹாலில் சோபாவுக்கு மேலே ஆணியில் மாட்டுவார். எதிரே இரும்பு பீரோவிலோ, போட்டிக் கம்பெனிக்காரன் காப்பியடித்துவிடுவான் என்று எக்ஸ்போர்ட் சாம்பிள்களை இரட்டைப் பூட்டுப் போட்டு வைத்திருப்பார், சாவி அரைஞாண்கயிற்றில் தொங்கும்.

"குழந்தைங்க ஓடியாடுற ஊடு, அதையும் பூட்டி வெக்கலாமுங்களே மாமா," என்றாள் அம்மா.

"பூட்டி வெச்சா, ஆர்டர் குடுக்க வர்ற பார்ட்டிக்கு எப்பிடி அம்மிணி தெரியும்?" என்று சிரித்தார், ஒரு காக்காயைக்கூடச் சுட்டறியாத அந்த மகாவீரர்.

ஒரு மத்தியானம் அவருடைய சின்ன மகள் சோபாவில் ஏறி அதைப் பிடித்து இழுத்தாள். வெடித்தது. காது அடைத்துப்போய் அவள் சுவரோரம் நடுங்கிக்கொண்டிருக்க, ஓடிவந்த பெரியப்பா அவளைத் தாண்டிப் போய், சல்லடையாகியிருந்த பீரோவைத் திறந்து, "ஐயோ, சாம்பிள் போச்சே!" என்று அலறினார்.

மறுவாரம் கனத்த தகட்டில் புது பீரோ வாங்கி சாம்பிள்களைப் பூட்டினார். துப்பாக்கியைத் துடைத்து, அதே ஆணியில் மாட்டினார்.