நாலாவது துளை

கொடைக்கானலில் எனக்குக் கிடைத்த முதல் வேலையே கையெழுத்தால் கிடைத்தது. ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் தம் வீட்டில் கடல் உயிரினங்களைச் சேகரித்து வைத்திருந்தார். அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு எழுத என்னை வைத்துக்கொண்டார். அறுபதோ அறுபத்தொன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை.

ஒருநாள் ஆழ்கடலில் வலைபோட்டு எடுத்த கடல் முள்ளெலி ஒன்று பிஸ்கட் டப்பாவில் வந்தது. முள்ளெல்லாம் உதிர்ந்து, இதய வடிவ ஓடு மட்டும் அப்பளம்போல் மெல்லிசாக இருந்தது. உச்சியில் முட்டை வெளியேறும் துளைகளை எண்ணித்தான் இனத்தைப் பிரிப்பார்கள். பேராசிரியர் பார்த்த மாத்திரத்தில் ஒரு பெயரைச் சொன்னார். அந்த இனத்துக்கு நான்கு துளை. நான் லென்ஸ் வைத்து எண்ணினேன். மூன்றுதான் இருந்தது.

“ஒண்ணு சேறு அடைச்சிருக்கும்” என்று ஊசியை எடுத்தார். அடைத்த துளையை அப்படித்தான் திறப்பார்.

“குத்தாதீங்க சார். குத்துனா நீங்க போட்ட ஓட்டையே நாலாவது ஆயிரும்.”

“கடலையே பார்க்காத பொண்ணு நீ.”

“நீங்களும் இத டப்பாவுலதான சார் பாத்தீங்க?”

அவர் முகம் சிவந்தது. எனக்கும் ஆத்திரம்தான். வெயில் வந்ததும் வெளிச்சத்தில் காட்டுகிறேன் என்றேன். காட்டாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

மூன்று நாள் மூடுபனி விலகவில்லை. டப்பாவை அவர் மேசையில் ஊசிக்குப் பக்கத்தில் விட்டுப்போக மனம் வராமல் சாயங்காலம் வீட்டுக்கே எடுத்துப் போனேன். கேட்டால் கேட்கட்டும்.

நாலாம் நாள் வெள்ளனவே வெயில் அடித்தது. டப்பாவோடு போய், ஓட்டின் அடியிலுள்ள வாய்ப்பக்கத்தை அவர் அறை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தேன். உச்சியில் மூன்று வெளிச்சப் பொட்டுகள். சேறு அடைத்திருந்தால் நாலாவது இடம் கறுத்துத் தெரிந்திருக்கும். அங்கே ஓடு சுற்றிலும் இருந்ததுபோலவே மங்கலாக ஒளிர்ந்தது. பேராசிரியர் வெகுநேரம் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டி, மூன்று துளை உள்ள இனம் ஒன்றைக் கண்டுபிடித்தார். சீட்டில் எழுதச் சொன்னார். ‘இனங்கண்டவர்’ என்ற வரிக்கு வழக்கம்போலத் தம் பெயரைச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து டப்பாவில் நான் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அந்த வரியில் என் பெயர் இருந்தது.

“என்ன இது?”

“எண்ணுனவ பேரு சார்.”

சீட்டை உரிக்கக் கை நீட்டினார். அதற்குள் கோந்து காய்ந்திருந்தது.