பச்சை என்று எழுதிய ஆரஞ்சு டிராக்டர்

என் வீட்டுக்காரர் பூன்லோம் ஒரு ஜோடி செருப்பு வாங்கப் போனாலும் கடைக்காரனை அழவைத்துவிட்டுத்தான் வருவார். அந்த மனுஷன் டிராக்டர் வாங்கக் கிளம்பினால் கேட்கவா வேண்டும்? ஒன்றரை வருஷம் ஆனது.

எங்களுக்கு இருப்பது ஆறு ராய் நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டேகாலுக்குக் கொஞ்சம் மேல். என் அப்பா எனக்குக் கொடுத்தது. அதிலும் வரப்பு போட்டுப் பதினான்கு துண்டு, நடுவில் ஒரு கறையான் புற்று. பத்தொன்பது வருஷமாக அதை உழுதது என் அண்ணன் சவேங்கின் டிராக்டர். முதலில் அண்ணன் நிலம், பிறகு அண்ணியின் தம்பி நிலம், பிறகு ஊர்த் தலைவர் நிலம், அதற்கப்புறம் மிச்சமிருக்கும் சொந்தக்காரர்கள், கடைசியில் நாங்கள். அதற்குள் என் நாற்று முத்திவிடும். முத்தின நாற்றை நட்டால் பாதி பதர்தான். வருஷா வருஷம் வரப்பில் நின்று, அண்ணன் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். ஒரே ஒரு வருஷமாவது இருபத்தைந்து நாள் நாற்றை என் வயலில் நட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

பூன்லோமுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. வாங்கப்போகும் வண்டியை ஒருத்தரும் இரவல் கேட்கக் கூடாது. பெண்டாட்டி நிலத்தில் குடியிருக்கும் மாப்பிள்ளை அவளுடைய அண்ணனிடம் 'தரமாட்டேன்' என்று சொன்னால் எங்கள் ஊரே காறித் துப்பும். அதனால், கேட்கவே தோன்றாத வண்டியாகப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தார்.

ரோய் எட் டவுனில் இருந்த ஷோரூமுக்கு எங்கள் மிகக் குறுகலான துண்டின் அகலத்தை அளந்த கயிற்றோடு போனோம். மூன்று பிளாஸ்டிக் பைகளில் வயல் மண்ணும் வந்தது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த தரையில் கயிற்றை விரித்து, தானும் பக்கத்தில் படுத்து அளந்தார். அங்கே விற்பனையைக் கவனித்த கனித்தா என்ற பெண்ணின் உள்ளங்கையில் மண்ணைப் பிசைந்து வைத்தார். நல்ல பிள்ளை, வாங்கிக்கொண்டது.

"இந்தப் பெரிய வண்டி நூறு ராய் வரைக்கும் தாங்கும்ங்க."

"அப்ப வேணாம்."

"சின்னது ஒண்ணு இருக்கு. ஆனா பெரிய வயலுக்கு ஆகாதுங்க."

"நிச்சயமா ஆகாதா?"

"சத்தியமா ஆகாதுங்க."

"அதைக் காட்டும்மா."

பிறகு பின்னால் மாட்டும் சாமான்கள். வட்டுக் கலப்பை வேண்டாம். அண்ணன் நிலத்துக் கெட்டி மண்ணுக்கு அதுதான் தோது. மண் தள்ளும் தகடு வேண்டாம். வீடு கட்டுகிறவன் எல்லாம் மேடு நிரவக் கூப்பிடுவான். டிரெய்லர் வேண்டவே வேண்டாம்; கல்யாணத்துக்கும் கேட்பார்கள், சாவுக்கும் கேட்பார்கள். கடைசியில் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டரில் இருப்பதிலேயே ஒடுக்கமான ஒன்றை மட்டும் வாங்கினார். தனக்கு என்ன தேவை என்று யோசித்ததைவிட ஊருக்கு என்ன தேவைப்படாது என்றுதான் அதிகம் யோசித்தார்.

ஆரஞ்சு நிற வண்டி வீட்டுக்கு வந்தது. அடுத்த வாரமே அண்ணன் தன் டிராக்டரை விற்றுவிட்டார்.

"நம்ம குடும்பத்துக்குத்தான் ஒண்ணு வந்தாச்சே மாப்ளே, ரெண்டு எதுக்கு? முதல் மழைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"இது சின்ன வண்டி மச்சான். உங்க நிலத்துக்கு ரொம்ப நாள் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அண்ணன் போன பிறகு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. ஒன்றரை வருஷம் அலைந்து, போன வருஷத்தைவிடத் தாமதமாக உழுவதற்கு நாங்களே வழி செய்திருந்தோம்.

எங்கள் பக்கம் பிறந்த கிழமை ஒவ்வொன்றுக்கும் ஆகாத நிறம் ஒன்று உண்டு. ஆகாத நிறத்தில் வண்டி அமைந்துவிட்டால் 'இந்த வண்டி வெள்ளை' என்றோ 'மஞ்சள்' என்றோ ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு நிம்மதியாக ஓட்டுவோம். அதன் பிறகு அது வெள்ளைதான். யாரும் சிரிக்க மாட்டோம். அந்த வழக்கத்தைப் பூன்லோம் தலைகீழாகத் திருப்பினார். அண்ணன் சனிக்கிழமை பிறந்தவர், பச்சை ஆகாது. மறுநாள் காலை எங்கள் ஆரஞ்சு டிராக்டரின் நெற்றியில் 'இந்த வண்டி பச்சை' என்று இருந்தது.

அண்ணன் வந்தார், படித்தார், நான்கடி பின்னால் போனார்.

"என்ன மாப்ளே, பச்சையா வாங்கிட்டே?"

"அப்படி அமைஞ்சிருச்சு மச்சான்."

"சொல்லியிருந்தா என் வண்டிய வித்திருக்க மாட்டேனே."

அதோடு நின்றிருக்கலாம். இந்த மனுஷனுக்கு ருசி கண்டுவிட்டது. ஊர்த் தலைவர் ஞாயிறு என்பதால் நீலம் ஏறியது. அண்ணியின் தம்பி புதன், ரோஜா நிறம் ஏறியது. மழை நெருங்க நெருங்க ஆறு கிழமைக்கும் ஒட்டிவிட்டார். மிச்சம் திங்கள். அது அவருடைய கிழமை. ஓட்ட ஒரு ஆள் வேண்டுமே.

அண்ணன் லேசுப்பட்டவரா? பக்கத்து ஊரிலிருந்து ஒரு டிரைவரைக் கூட்டி வந்தார்.

"நான் தொடல மாப்ளே. இவன் ஓட்டுவான். திங்கக்கிழமை பொறந்தவன், அடையாள அட்டைகூட இருக்கு, பாக்கிறியா?"

பூன்லோமுக்கு முகம் சிவந்தது. விறுவிறுவென்று உள்ளே போனார், கடைசி ஸ்டிக்கரோடு வந்தார், இன்ஜின் மூடியில் அறைந்து ஒட்டினார். 'இந்த வண்டி சிவப்பு.' டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணனும் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வெற்றியோடு இருக்கையில் ஏறக் காலைத் தூக்கியவர், அப்படியே நின்றார்.

"அட பாவி மனுஷா, நீங்களும் திங்கள்தானே," என்றேன்.

"தெரியுது. நீ சும்மா இரு."

"அதைக் கிழிச்சுப் போடுங்க."

"கிழிச்சா அந்த டிரைவர் நாளைக்கே வந்து நிப்பான். மத்ததும் பொய்னு ஆயிரும்."

அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. வயலில் கணுக்கால் தண்ணீர். நாற்றுக்கு இருபத்திரண்டு நாள். பூன்லோம் கொட்டகைக்கு வெளியே குடை பிடித்து நின்று தன் டிராக்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே போகவும் பயம், கிழிக்கவும் மனசில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவியைக் குடுங்க."

"உனக்கு என்ன கிழமை?"

எனக்குக் கிழமை கிடையாது. அம்மா என்னைப் பெற்ற கையோடு செத்துப்போய்விட்டாள். ஏரி உடைந்த வருஷம் என்பது மட்டும்தான் அப்பாவுக்கு ஞாபகம். இரண்டு வருஷம் கழித்துப் பதிந்தபோது, அதிகாரி வாய்க்கு வந்த தேதியை எழுதிக்கொண்டார். ஜோசியக்காரர்கள் கையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம்கூடப் பார்க்கவில்லை. அதற்காக நான் அழாத அழுகை இல்லை. கிழமை இல்லாதவளுக்கு ஆகாத நிறமும் இல்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"ஓட்டத் தெரியுமா?" என்றார், குரல் இறங்கி.

"பத்தொம்பது வருஷம் அண்ணன் ஓட்டுறதையே பாத்துக்கிட்டு நின்னவகிட்ட கேக்கற கேள்வியா இது?"

முதல் துண்டில் வரப்பில் பாதியை இடித்தேன். மூன்றாவதில் கை படிந்துவிட்டது. மதியம் பூன்லோம் பிசுபிசுவென்று ஒட்டும் அரிசிச் சோறும் சுட்ட மீனும் கொண்டுவந்து, சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் வரப் பயந்து, பத்தடி தள்ளி வைத்துவிட்டுக் கூப்பிட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் பதினான்கு துண்டும் முடிந்தது. இருபத்தைந்தாம் நாள் என் நாற்று வயலில் இறங்கியது. சேற்றில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டக்கூடிய ஒரே ஆள் நான். பதினோரு வீட்டுக்காரர்கள் வந்து உழவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர்த் தலைவர் கோழி கொடுத்தனுப்பினார். யாருக்கும் ஆகாத வண்டியாகத் தேடி வாங்கிய மனுஷன் வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தார்.

கடைசியாக அண்ணன் வந்தார். வரப்பில் குந்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு எப்பம்மா வருவே? நாத்து முத்திக்கிட்டே போகுது."

"பதினோரு வீடு சொல்லிருக்காங்கண்ணே. அது முடிஞ்சு வர்றேன்."

தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் முறையை மாற்றவில்லை.