மார்க்கருக்கு வைத்த சந்தனம்

மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைத் திறந்தால் ஒரு வாசம் வருமே... பெயிண்ட்பால் குண்டுப் பையைப் பிரித்தாலும் அதே வாசம்தான். ஒரு காலத்தில் என் சட்டை, கை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அது ஒட்டியிருந்தது.

போன வாரம் ஆபீஸ் அவுட்டிங்கில் அப்படி ஒரு பையைக் கையில் கொடுத்தார்கள். விளையாடத் தெம்பில்லை. ஓரமாக உட்கார்ந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு சும்மா இருந்த சமயம் அது. வத்தலக்குண்டு தாண்டி, கொடைக்கானல் மலை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் ஊர்ப் பாண்டி அண்ணன் தன் கொய்யாத் தோப்பில் பாதியை வெட்டி பெயிண்ட்பால் மைதானம் போட்டிருந்தார். பழைய டயர், டிரம், மூங்கில் தட்டி... இவற்றுக்குப் பின்னால் ஒளிந்து கலர் குண்டால் அடித்துக்கொள்ள வேண்டும். அவர் மனைவி ஜோதி அக்கா வருகிறவர்களுக்குச் சமைப்பார். குண்டு சுடும் மார்க்கர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. துப்பாக்கி என்று சொன்னால் போலீஸ் வந்துவிடும் என்று அண்ணனுக்குப் பயம், அதனால் எங்கள் எல்லோர் வாயிலும் மார்க்கர்தான்.

முதலில் இருந்தவை பழைய ரகம். விசையை இழுக்கவே விரல் வலிக்கும். அப்புறம் அண்ணன் எலெக்ட்ரானிக் மார்க்கர்கள் வாங்கினார். அதில் விசை என்பது வெறும் ஸ்விட்ச், மவுஸ் கிளிக் மாதிரி. தொட்டால் உள்ளே இருக்கும் சின்ன போர்டு ஒரு வால்வைத் திறக்கும். சிலிண்டர் காற்று பாய்ந்து ஒரு தண்டைத் தள்ளும், தண்டு குண்டைத் தள்ளும், அம்புட்டுத்தான். வேகமாகத் தட்டினால் மூச்சு விடுவதற்குள் பத்துப் பன்னிரண்டு குண்டு போய்விடும். பழைய மார்க்கரில் அத்தனை வேகமாகச் சுட்டால் மேலே இருந்து குண்டு பாதி விழும்போதே தண்டு வந்து நசுக்கிவிடும்.

இதில் அது நடக்காது. குண்டு வந்து உட்காரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டிக் கண்ணாடிப் புள்ளிகள் இருக்கும். ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி கிளம்பி இன்னொன்றில் விழும். குண்டு முழுசாக வந்து அந்த ஒளியை மறைத்தால்தான் போர்டு சுட விடும். பின்பக்கம் பச்சை விளக்கும் எரியும். எனக்கு அதன் மேல் அப்படி ஒரு ஆசை. வீட்டில் எல்லோரிடமும் அதைப் பற்றியே பேசி அலுக்க வைத்தேன்.

ஆனால் மைதானம் ஓடவில்லை. அந்த வருஷப் பூஜை லீவில் கூட்டம் வராவிட்டால் இடத்தை விற்றுவிடுவது என்று இடத்தில் பங்கு இருந்த அண்ணனின் தம்பிகள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு இருந்த ஒரே நம்பிக்கை கோயம்புத்தூர் டிராவல்ஸ்காரர் ஒருவர். சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் ஒரு குரூப்போடு வருவதாகவும், பிடித்துப்போனால் கொடைக்கானல் போகிற குரூப்பை எல்லாம் இங்கே நிறுத்துவதாகவும் சொல்லியிருந்தார்.

பூஜையன்று மார்க்கர்களின் முன்னால் குண்டு வெளியேறும் குழாயைக் கழற்றித் துடைத்து வாழை இலையில் வரிசையாக வைத்தேன். அக்கா குளித்துவிட்டு வந்து சந்தனம் குங்குமம் வைத்தார். கம்ப்ரஸருக்கு, ஸ்பேனருக்கு, மிக்ஸிக்கு, மார்க்கருக்கு... பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை.

மறுநாள் குரூப் சீக்கிரமே வந்து இறங்கிவிட்டது. நான் போவதற்குள் அண்ணனே அவசரமாகக் குழாய்களை மாட்டிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எல்லா மார்க்கரும் வாயிலிருந்து பெயிண்டாகக் கக்கின. உள்ளே குண்டெல்லாம் கூழ். வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் கத்தினார்கள். டிராவல்ஸ்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ் மலைக்குப் போய்விட்டது.

ஒன்றை எடுத்துக் குண்டை எல்லாம் கொட்டிவிட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனாலும் பச்சை விளக்கு. குழாயைக் கழற்றினால்... அந்தக் கண்ணாடிப் புள்ளிகள் மேல் காய்ந்த சந்தனம். குழாய் இல்லாமல் திறந்து கிடந்த ஒவ்வொன்றின் வாயிலும் பக்தியாக ஒரு விரல் சந்தனம் வைத்திருக்கிறார் அக்கா. ஒளி மறைந்ததால் குண்டு இருப்பதாகவே நினைத்து மார்க்கர் சுட்டிருக்கிறது, அரைகுறையாக விழுந்த குண்டை எல்லாம் நசுக்கியிருக்கிறது.

தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைக்கத் துடைக்க மஞ்சளாக வந்தது. அண்ணன் பக்கத்தில் வந்து பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அவகிட்ட சொல்லாத அப்பு. வெயிலுக்குக் குண்டு இளகிருச்சுன்னு சொல்லிரு.”

அப்படியே சொன்னேன். அக்கா தலையாட்டிவிட்டுச் சோறு போட்டார். பொங்கலுக்குள் இடம் கைமாறிவிட்டது. அண்ணன் ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி லோடு ஓட்டப் போனார். நான் சென்னைக்கு வந்துவிட்டேன்.

ரெண்டு வருஷம் முன்னால் ஊருக்குப் போனபோது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் அவராகவே எடுத்தார்.

“சந்தனந்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. நீ பஞ்ச வச்சுத் தொடச்சத அடுப்படில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இவரு வெயிலுங்கிறாரு... அன்னைக்கு வெயிலே இல்ல. காலைல இருந்து மோடம் போட்டுக் கெடந்துச்சு. சரி, மனுசன் நமக்காகச் சொல்றாரு, வெயிலாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

இத்தனை வருஷமும் அண்ணனிடம் அதைக் கேட்டதே இல்லையாம்.

இப்போது நான் ஒரு கம்பெனியின் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது நின்றுபோனால் சரி பண்ணுவதற்கு முன்னாலேயே மீட்டிங் கூட்டிவிடுவார்கள். என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார்கள், யார் பண்ணது என்றுதான் கேட்பார்கள். அவுட்டிங் முடிந்து வந்த மறுநாளும் ஒரு மீட்டிங். கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, வீட்டில் கைக்குழந்தை, தூக்கக் கலக்கத்தில் தப்பான வயரைப் பிடுங்கிவிட்டாள். அவள் பெயரைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டு, அவளையும் எதிரே உட்கார வைத்து, எல்லோருமாகப் பேசினோம். அவள் நிமிரவே இல்லை.

அலுத்துப்போச்சுங்க, நிஜமாகவே. வாயைத் திறந்து வெயில் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்...

ரூம் முழுக்க ஏசி.