சவாசனத்தில் தூங்கிப்போன ஞாயிறு

அம்மா போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. துக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அது பழக்கம். பக்கவாதம் வந்து அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். முதலில் அலாரம் வைத்து எழுந்தேன். கொஞ்ச நாளில் அலாரமே தேவைப்படவில்லை. அம்மாவை எடுத்த பிறகும் உடம்பு அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்தது. எழுந்து பார்த்தால் திருப்பிப் படுக்க வைக்க யாரும் இல்லை.

எங்கள் வீடு சாரம் என்ற பகுதியில். இரும்பு கிரில் போட்ட முன்கூடம், ஓர் அறை, சமையலறை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி, கடலூரில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். மனைவி, பிள்ளைகள் என்று அவனுக்குக் குடும்பம் இருக்கிறது. அம்மாவின் காரியம் முடிந்து கிளம்பும்போது எதிர் வீட்டு அம்மாளிடம் தன் நம்பரைக் கொடுத்து, “எதுனா ஒண்ணுன்னா போன் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு அவன் வரவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. வருவதற்கு இருந்த காரணம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஒரு மத்தியானம் மிஷின் முன்னால் நின்றபடியே கண் சொருகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் என் கை இன்று எப்படி இருந்திருக்குமோ தெரியாது. முதலாளி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “இத ரொம்ப நாளு போட முடியாது. யோகா கிளாஸ்ல சேந்து பாருங்க” என்றார்.

டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் காலை வேளையில் கிளாஸ் நடந்தது. டீச்சர் என்னைவிடப் பல வயது இளையவர். வந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். நான் ஜன்னல் ஓரம் பாயை விரித்துக்கொள்வேன். குனிவதும் நிமிர்வதும் மெதுவாகப் பழகிவிட்டன. கடைசியில் வரும் சவாசனம்தான் என்னால் முடியவில்லை. சவம் என்ற சொல் பிடிக்கவில்லை என்று சில பெண்கள் சொன்னதால் டீச்சர் அதைச் சாந்தி ஆசனம் என்றுதான் சொல்வார். பேரில் எனக்கு ஒன்றுமில்லை. மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, காலைத் தளர விட்டதும் எனக்கு மூச்சு முட்டியது. அம்மா அப்படித்தான் கிடந்தாள், அத்தனை வருஷமும். எல்லாரும் படுக்கும்போது நான் பாயைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவேன்.

ஒரு நாள் டீச்சர் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டார்.

“சார், தெனமும் கடைசிப் பத்து நிமிஷத்த விட்டுட்டுப் போறீங்களே. அதுக்காகத்தான் மீதி எல்லாமே.”

“வேலைக்கு லேட்டாவுது மேடம்.”

“இல்ல சார். படுத்தவுடனே ஒங்க மொகம் மாறுது. நான் பாத்துக்குனுதான் இருக்கேன்.”

யாரிடமும் சொல்லாததை அந்தப் படிக்கட்டில் நின்று சொன்னேன். அம்மாவைப் பற்றி, திருப்பிப் படுக்க வைத்ததைப் பற்றி. அவர் ஆறுதல் சொல்லவில்லை. “அப்ப ஒருக்களிச்சுப் படுங்க சார். யாரும் கேக்க மாட்டாங்க. ஒடம்புக்கு வேணும்னா அதுவே திரும்பும்” என்றார்.

மறுநாளிலிருந்து சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தேன். டீச்சரின் குரல் ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வரும். கால் விரலைத் தளர விடுங்க. கெண்டைக்காலை விடுங்க. இடுப்பை விடுங்க. தாடையை இறுக்காதீங்க. நான் தாடையை இறுக்கி வைத்திருக்கிறேன் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தோள், நெற்றி, கண்ணைச் சுற்றி என்று எங்கெங்கோ பிடித்து வைத்திருந்தேன். மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு நாள் கண்ணைத் திறந்தபோது எதிரில் சுவர் இல்லை, மேலே மின்விசிறி இருந்தது. எப்போது மல்லாந்தேன் என்று தெரியவில்லை. மூச்சு வயிற்றிலிருந்து மெதுவாக வந்துபோய்க்கொண்டிருந்தது.

பிறகு வீட்டிலும் செய்ய ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் கிடையாது. காலையில் குளித்துவிட்டு, கிரில்லை உள்ளே பூட்டிக்கொண்டு, காற்று வரட்டும் என்று முன்கூடத்திலேயே பாயை விரிப்பேன். வெளிச்சம் உறுத்தாமல் இருக்கத் துண்டை மடித்துக் கண் மேல் போட்டுக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது வெள்ளைத் துண்டு.

அந்த ஞாயிறு அப்படிப் படுத்தவன் தூங்கிப்போனேன். இடையில் ஒரு தடவைகூட விழிப்பு வரவில்லை. யாரோ இரும்பில் அடிக்கிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கம்பெனியில் இருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் கிரில்லுக்கு அந்தப் பக்கம் வரிசையாக முகங்கள். எதிர் வீட்டு அம்மாளின் வீட்டுக்காரர் தடியால் கிரில்லை அடித்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போடுகிறவர் நின்றிருந்தார். எனக்குப் பெயர் தெரியாத இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள்.

நான் எழுந்து உட்கார்ந்ததும் எதிர் வீட்டு அம்மாள், “சேசுவே! மாதாவே!” என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

“இன்னா தம்பி இது! பூசைக்குப் போவும்போதும் இப்டியே கெடந்தீங்க, வரும்போதும் இப்டியே கெடக்கறீங்க. எம்மாந்தரம் கூப்புட்டேன்!”

“தூங்கிட்டேங்க.”

“இப்டியா தூங்குவாங்க? வெள்ளத் துணியப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு.” அப்புறம் குரல் இறங்கியது. “ஒங்க தம்பிக்கு வேற போன் பண்ணிட்டேனே.”

நான் உடனே தம்பியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அந்த அம்மாளும் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் கலைய அரை மணி நேரம் ஆனது. நான் உள்ளே போய் டீ போட்டேன்.

டம்ளரோடு முன்கூடத்துக்கு வந்தபோது தம்பியின் பைக் வாசலில் நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ரோஜா மாலையின் குஞ்சம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“ண்ணா” என்றான். வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“போன் பண்ணனேடா. எடுக்கவே இல்ல?”

“வண்டி ஓட்டினு வரேன், எங்க எடுக்கறது? அசைவே இல்ல, கூப்புட்டா எழல, ஒடனே வாங்கன்னாங்க.” ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பையை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். “ஒனக்கு வேற யாருண்ணா இருக்கா? நான்தான செய்யணும்.”

அது அன்பாகச் சொன்னதுதான். எனக்குத்தான் எப்படியோ இருந்தது. கடலூரிலிருந்து இங்கே வருவதற்குள் அவன் என்னை முடித்துவிட்டிருந்தான். வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, பூக்கடையில் நின்று, இது பெரிதாக இருக்கிறது, இது போதும் என்று ஒன்றை எடுத்திருக்கிறான். அப்போது அவன் மனதில் என்ன ஓடியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அவன் மனைவி போன் செய்தாள். “இருக்காரு… ஆமாம்மா, இருக்காரு. தூங்கிட்டாராம்” என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்து, நடுவிலேயே குரல் உடைந்தது. நான் மாலையை வாங்கி அம்மாவின் படத்துக்குப் போட்டேன். படத்தைவிட மாலை பெரிதாக இருந்ததால் இரண்டாக மடித்துத்தான் போட முடிந்தது.

மத்தியானம் சோறு வடித்து, மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும், “எப்டிண்ணா படுக்கணும், காட்டு” என்றான். சாப்பிட்ட வயிற்றோடு கூடாது என்றேன், கேட்கவில்லை. பாயில் மல்லாந்து படுத்தான். கால் விரலைத் தளர விடு என்று ஆரம்பித்தேன். முழங்கால் வரை வருவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டான்.

“கண்ண மூடினா கடை ஞாபகம்தாண்ணா வருது.”

“எனக்கும் முதல்ல அப்டித்தான்.”

“ஒனக்கு இன்னா ஞாபகம் வந்துது?”

“அம்மா.”

அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அம்மாவை ஒரு தடவைகூடத் தான் திருப்பிப் படுக்க வைத்ததில்லை என்பதை நினைத்தானோ என்னவோ. போன் அடித்தது. பேசிக்கொண்டே எழுந்து சட்டையை மாட்டினான். வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு, “கடலூருக்கே வந்துடேண்ணா, எங்கக்கூட இரு” என்றான். இன்ஜின் சத்தத்தில் பதில் கேட்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும். கை காட்டினேன்.

அந்த வாரம் முழுக்க தினமும் போன் செய்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது தீபாவளி, பொங்கலுக்குத்தான் அவன் போன் வருகிறது.

கிளாஸில் இதைச் சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, “ஆனா அது சாந்தி ஆசனம் இல்ல சார், தூக்கம். சாந்தி ஆசனத்துல முழிச்சினு இருக்கணும்” என்றார்.

இரவுத் தூக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. மாத்திரையை நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். இப்போது தினமும் காலையில் வீட்டிலேயே சவாசனத்தில் விழித்தபடி படுத்திருக்க முடிகிறது. தாடை தளர்ந்து, தோள் தரையில் அமர்ந்து, மூச்சு தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கும்போது வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்பது தெளிவாகக் காதில் விழும். ஃபிரிட்ஜ் ஓசை, குழாய்ச் சொட்டு, தெருவில் வேறு யாரையோ யாரோ கூப்பிடும் குரல். முன்பெல்லாம் அதற்குப் பயந்து டிவியைப் போட்டு வைப்பேன். இப்போது போடுவதில்லை. அந்தப் பத்து நிமிஷம் கேட்டபடி கிடக்கிறேன். அப்புறம் எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வேலைக்குக் கிளம்புகிறேன்.