கச்சானை மலை என்று நம்பினேன்

தூத்துக்குடியில் மேடு என்று சொல்லிக்கொள்ள ரயில்வே மேம்பாலத்தை விட்டால் உப்புக் குவியல்தான் இருக்கிறது. உப்பின் மேல் ஏறவிட மாட்டார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டுதான் மலைப்பாதையில் நடக்கும் அரை மராத்தானுக்கு நான் பெயர் கொடுத்தேன். இருபத்தோரு கிலோமீட்டர். பாதி ஏற்றம், பாதி இறக்கம். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கீழவைப்பாரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். இதை அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்பதைப் போலச் சொன்னாள். அதனால்தான் சொன்னதைச் செய்துவிடுவாள் என்று தெரிந்தது.

காரணம் என் குடி. எங்கள் கடற்கரைக் கத்தோலிக்க ஆண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டதும் குடியை நிறுத்திவிடுவோம். தவக்காலம் முழுக்கத் தொட மாட்டோம். ஈஸ்டர் அன்று மத்தியானம், ஆட்டுக்கறி அடுப்பில் கொதிக்கும்போதே பாட்டில் திறந்துவிடும். இதில் உள்ள வசதி என்னவென்றால், நாற்பது நாள் நிறுத்த முடிகிறவன் குடிகாரன் இல்லை என்று ஊர் நம்பும், அவனும் நம்புவான். நான் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் அப்படித்தான் நம்பினேன். என் மனைவி முதல் இரண்டு வருஷம் நம்பியிருப்பாள்.

இந்த வருஷம் சாம்பல் புதன் அன்று சாயங்காலம் கோயிலிலிருந்து வந்ததும் குசினிக்குள் போய், “இந்தத் தடவ ஈஸ்டரோட முடியாது. ஒரேயடியா விட்டுட்டேன்” என்றேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வருசா வருசம் இதத்தான் கேக்கேன்” என்றாள். “மாதா பேர்ல மட்டும் சத்தியம் பண்ணாதிய. பாவம் மாதா.”

பிறகு கையைக் கழுவிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். ஏழாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்குப் பள்ளியில் டி.சி. கேட்கும் விண்ணப்பம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

“லீவு முடிஞ்சி ஸ்கூல் தெறக்கதுக்குள்ள நாங்க அம்மா வீட்டுக்குப் போயிருவோம். பிள்ள பெரியவளாயிட்டு வாரா. ரூமுக்குள்ள போய் கதவப் பூட்டிக்கிடுதா. பாக்கியளா, இல்லியா?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் தள்ளாடிக்கொண்டு வாசலில் நுழையும்போதெல்லாம் அவள் அறைக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும். அறைந்து சாத்த மாட்டாள். மெதுவாகத்தான் சாத்துவாள்.

நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாள் நகர்த்தும் வேலை. தொந்தியைக் குறைக்கவென்று மூன்று வருஷமாகக் காலையில் பீச் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டும் இருந்தேன். காலையில் ஓட்டம், சாயங்காலம் குடி. உடம்பும் இரண்டுக்கும் ஒத்துழைத்தது. சாம்பல் புதனுக்கு மறுநாள் ஆபீசில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது அந்த மலை ஓட்ட விளம்பரம் வந்தது. ஜூன் முதல் ஞாயிறு. ஈஸ்டர் கழிந்து ஏழெட்டு வாரம், பள்ளி திறக்க ஒரு வாரம். யோசிக்காமல் பதிந்து, சீட்டை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஓட்டம் முடியும் வரையாவது குடிக்க முடியாதல்லவா என்பதுதான் என் கணக்கு.

ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது அவள் அதைப் படித்தாள். “மூணு மணி நேரம்னு போட்ருக்கே. முடிச்சிருவியளா?”

“முடிச்சிருவேன்.”

“இதுவரைக்கும் எதையாவது சொன்னபடி முடிச்சிருக்கியளா?”

நான் விரல்விட்டு எண்ணப் பார்த்தேன். முதல் விரலே மடங்கவில்லை.

“சரி, முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் ஃபார்ம்ல தேதி போடல” என்றாள்.

ஈஸ்டர்தான் நான் பயந்த நாள். மத்தியானம் அவளுடைய தம்பி வந்தான். சங்கு குளிப்பவன், நல்ல மூச்சுக்காரன், என் பழைய கூட்டாளி. பையிலிருந்து வழக்கம்போலப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். குசினியில் கறி தாளிக்கும் மணம். என் கை தானாக டம்ளரைத் தேடிப் போனது. நாற்பது நாள் சும்மா கிடந்த கை. பாட்டிலைப் பார்த்ததும் அதற்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நான் எழுந்து ஷூவை மாட்டினேன்.

“ஏ மச்சான், கூறு கெட்டுப் போச்சா? இந்த வெயில்லயா ஓடப் போறிய?” என்றான் அவன்.

ஆமாம், அந்த வெயிலில்தான் ஓடினேன். உப்பளத்துச் சாலையில் வெள்ளை வெளேரென்று கண் கூசியது. நான்காவது கிலோமீட்டரில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது பாட்டில் காலியாகியிருந்தது, மச்சான் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்தது.

குடியை விட்டாயிற்று, ஆனால் மலை? மேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். ஒரு நாள் பத்துத் தடவை, ஒரு நாள் இருபது தடவை. பாலத்தடி ஆட்டோக்காரர் ஒருவர் நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டே விட்டார்: “அண்ணாச்சி, எதையும் தொலச்சிட்டியளா? சொன்னா நாங்களும் தேடுவோம்லா.” அந்தப் பாலத்தின் ஏற்றம் மூச்சு வாங்கும் முன்பே தீர்ந்துவிடும். மலையில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓயாமல் ஏற வேண்டும். ராத்திரி படுத்தால் அந்த மூன்று மணி நேரம்தான் கண்முன் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்ப்பேன். எப்படிப் போட்டாலும் உதைத்தது.

மே மாதம் கச்சான் பிறந்தது. மேற்கேயிருந்து வீசும் காற்று. செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கண்ணிலும் சோற்றிலும் போடும். கச்சான் பலத்தால் கடல் கலங்கிவிடும், சங்கு குளிக்கப் போக முடியாது. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மச்சானிடம் என் கவலையைச் சொன்னேன்.

“மலைக்கு எங்க போவேன்லே?”

“நம்ம மலையெல்லாம் தண்ணிக்கடியிலல்லா கெடக்கு” என்றான். கடலுக்கடியில் சிப்பி ஒட்டிக் கிடக்கும் பாறைமேட்டை ‘பார்’ என்போம். அதைச் சொல்கிறான். “அதுல ஓட முடியாது. பேசாம கச்சானுக்கு எதுக்க ஓடுங்க. ஆளையே தூக்குது. இதவிட மலை என்ன பெரிய மலை?”

எனக்குப் பொறி தட்டியது. அன்றைக்கே ஐந்தரை மணிக்கு, ஆபீசிலிருந்து நேராக, உப்பளத்துக்கு நடுவே மேற்கே போகும் சாலைக்குப் போனேன். அந்த ஐந்தரை மணிதான் என் பழைய நேரம். நாக்கு தானாக வறளும் நேரம். காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. உடம்பை முன்னால் சாய்த்து, தலையைக் குனிந்து, பல்லில் மண் நறநறக்க எட்டு கிலோமீட்டர் போனேன். தொடையும் நெஞ்சும் எரிந்தன. இதுதான் ஏற்றம் என்று சந்தோஷமாக இருந்தது. திரும்பும்போது கச்சான் முதுகில் கை கொடுத்தது. கால் தரையில் படுவதே தெரியாமல் வந்து சேர்ந்தேன். இதுதான் இறக்கம் என்றும் முடிவு செய்துகொண்டேன். மூன்று வாரம் இப்படி ஓடினேன். இறக்கம் என்பது கச்சானை முதுகில் வாங்குவது என்று மலையைக் காணாத ஊர்க்காரன்தான் நம்புவான். எனக்குச் சொல்லவும் ஆளில்லை, நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.

போட்டியன்று ஏற்றம் எனக்குப் பழகியதாகவே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன், இல்லாத காற்றுக்குச் சாய்ந்துகொண்டேன், ஏறினேன். வயசுப் பையன்களெல்லாம் இடுப்பில் கை வைத்து நிற்க நான் தாண்டிப் போனேன். உச்சியில் திரும்பும்போது ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம். மிச்சம் இறக்கம்தான், கையில் ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டி.சி. விண்ணப்பத்தை அவள் கிழிக்கும் சத்தம்கூட என் காதில் கேட்டது.

மூன்று கிலோமீட்டர் பறந்தேன். நான்காவதில் தொடையின் முன்பக்கம் இறுக ஆரம்பித்தது. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முழுக்க முழங்காலுக்கு மேலே வந்து இடித்தது. இறக்கத்தில் நம்மைத் தள்ளுவதற்கு ஆள் வேண்டாம், நிறுத்துவதற்குத்தான் கால் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. கச்சான் என்னை ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை. பதினாறாவது கிலோமீட்டரில் கால்கள் விறைத்துக்கொண்டன. சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. நான் தாண்டி வந்த பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் வருகிறவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி வந்து நின்றது. “ஏறிக்கோங்க சார்” என்றார் டிரைவர். மாட்டேன் என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். திரும்பி நின்று, மலையைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்து பார்த்தேன். வலி கொஞ்சம் குறைந்தது. வள்ளத்திலிருந்து ஏணியில் இறங்குகிறவனைப் போல மிச்ச மலையைப் பின்பக்கமாகவே இறங்கினேன். யேசுவே, யேசுவே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் வந்த சமதரையில்தான் முன்னால் திரும்பி ஓடினேன். அதை ஓட்டம் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

மூன்று மணி பதினோரு நிமிஷம்.

தடுப்புகளை எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஆரஞ்சு ஜூஸ் பாக்கெட் கொடுத்து, “டைம் முடிஞ்சிருச்சு சார், மெடல் கொடுக்க முடியாது” என்றாள். தலையாட்டினேன்.

பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. எதிரே மதுக்கடை. பன்னிரண்டு மணிக்குத் திறந்தார்கள். எல்லாம் போய்விட்டது, இனி யாருக்காகக் குடிக்காமல் இருப்பது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் கடைக்குப் போக ஐந்து படி இறங்க வேண்டும். முதல் படியில் கால் வைத்ததும் தொடை மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே நின்று அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. அன்று நான் குடிக்காமல் வந்ததற்குக் காரணம் என் மனமா, என் தொடையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊர் நெருங்கும்போதுதான் பையில் கிடந்த ஆரஞ்சு ஜூஸை உடைத்துக் குடித்தேன். சாயங்காலம் எங்கள் தெருமுனையில் இறங்கினேன். வீடு ஐம்பது அடி தூரம். கால் எங்கே வைக்கிறோம் என்பது என் கையில் இல்லை. சுவரைப் பிடித்தேன், பக்கத்து வீட்டு பைக்கைப் பிடித்தேன். வாசலில் நின்ற பக்கத்து வீட்டம்மா உள்ளே பார்த்து, “திருவிழா ஆரம்பிச்சிட்டு” என்று யாரிடமோ சொன்னது கேட்டது. என் மகள் வாசலில் நின்றிருந்தாள். நான் வருவதைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. உள்ளே போனாள். அறைக்கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

மனைவி குசினியிலிருந்து வந்தாள். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, “குடிக்கல ஏளா” என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, இந்த இடத்தில் நின்று, இந்த நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, இதே வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன் என்று. அப்போதெல்லாம் பொய்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் வந்து என் முன்னால் நின்றாள்.

“ஊதுங்கப்பா” என்றாள்.

போலீஸ்காரர் ரோட்டில் கேட்பதைப் போலக் கேட்டாள். பன்னிரண்டு வயசு. குனிய முடியாமல் நான் தரையில் சரிந்து உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். ஊதினேன். கண்ணை மூடி மோந்து பார்த்தாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றாள் திரும்பி. “ஆரஞ்சு வாசந்தான் வருது.”

“எவ்வளவு நேரம் ஆச்சி?” என்று மனைவி கேட்டாள்.

“மூணு மணி பதினோரு நிமிசம்.”

அவள் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைச் சாம்பல் புதன் வரை பின்னால் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கினாள். “ஃபார்ம் அங்கனயே கெடக்கட்டும்” என்றாள். “கிழிக்க மாட்டேன். தேதியும் போடல.”

பள்ளி திறந்து மகள் எட்டாம் வகுப்பு போகிறாள். தாள் அலமாரியில் இருக்கிறது. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நான் தரையில் உட்கார்ந்து ஊதிக் காட்டுகிறேன். யாரும் என்னைக் கேட்பதில்லை. ஆனால் மகள் வந்து மோந்து பார்க்காமல் ஒரு நாளும் போனதில்லை.